பூஜ்யம் காட்டிய இண்டெக்ஸ்

ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கவுன்ட்டரில் அந்த எச்சரிக்கைக்கு மாமியார் என்று பெயர். குப்பியின் மேல் ஒட்டிய சீட்டில் ஓர் எண் இருக்கும். அதைக் கம்ப்யூட்டரில் அடிக்கும்போது அதே எண் வேறொருவர் பெயரில் முன்பே பதிவாகியிருந்தால், "இந்த எண் ஏற்கனவே உள்ளது" என்று சிவப்பு எழுத்தில் வந்து நிற்கும். சீட்டைக் கிழித்து வேறு ஒட்டும்வரை அசையாது. வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தால், மாமியார் வந்திருக்கிறாள், சமாதானப்படுத்திவிட்டு வருகிறேன் என்பாளாம் கவுன்ட்டர் பெண். அதே ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸாக இருந்த அண்ணிதான் இதை எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

அந்த மாமியாரை வேலைக்கு வைத்தவர் என் அண்ணன்.

ஆஸ்பத்திரிக்குச் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்த ஆபீஸில் அண்ணன் டேட்டாபேஸுக்குப் பொறுப்பு. என் கணவர் அவருக்குக் கீழே. உண்மையில் அண்ணன்தான் அவரை எனக்குப் பார்த்தார். நாலு வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, "பையன் கொஞ்சம் அவசரக்காரன். ஆனா மனசு சுத்தம்" என்று வீட்டில் வந்து சொன்னார். அண்ணன் சொன்னால் எனக்கு மறுபேச்சு இல்லை. அப்பா போனபிறகு என்னைப் படிக்கவைத்தவர் அவர்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் வீட்டில்தான் சாப்பாடு. சாப்பிட்டு முடித்தும் இருவரும் கை கழுவ எழுந்திருக்கமாட்டார்கள். கை காயக் காயப் பேசுவார்கள். நானும் அண்ணியும் தட்டுகளை எடுத்துக்கொண்டு போகும்போது காதில் விழுந்தவைதான் எனக்கு இந்த விஷயத்தில் தெரிந்தது எல்லாம். நான் பதிப்பகம் ஒன்றில் பிழை திருத்துகிறவள். புரியாத விஷயத்தைக் கவனமாகப் படிப்பதுதான் என் பிழைப்பு என்பதால், கேட்டது மறக்கவில்லை.

ஒரு எண் இரண்டு முறை வரக்கூடாது என்று டேட்டாபேஸுக்குச் சொல்ல இரண்டு வழி உண்டாம். ஒன்று கன்ஸ்ட்ரெயின்ட். இது விதி என்று அறிவித்துவிடுவது. இன்னொன்று யூனிக் இண்டெக்ஸ். எண்களை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு, வருகிற எண் அதில் இருந்தால் திருப்பி அனுப்புகிற ஓர் ஏற்பாடு. என் கணவருக்கு இந்த வித்தியாசமே எரிச்சல்.

"ரெண்டும் ஒண்ணுதான் மச்சான். கன்ஸ்ட்ரெயின்ட் போட்டாலும் அது உள்ளே போய் ஒரு இண்டெக்ஸத்தான் கட்டுது. அதுக்கு எதுக்கு ரெண்டு பேரு?"

"உள்ளே ஒண்ணுதான், யாரு இல்லன்னா?" என்றார் அண்ணன். "கன்ஸ்ட்ரெயின்ட்ங்கிறது கொடுத்த வாக்கு மாப்பிள்ளை. அதுக்குக் கீழ இருக்கிற இண்டெக்ஸ நீ எடுக்கப் போனா டேட்டாபேஸே கையப் புடிக்கும். வெறும் இண்டெக்ஸ்னா அது வெச்ச பொருள். வழியில போறவன் எடுத்துட்டுப் போகலாம், ஏன்னு கேக்க நாதி இருக்காது."

"வழியில போறவன் எவன் மச்சான் அங்க வர்றான்? நீங்களும் நானும்தான்."

அண்ணி உள்ளேயிருந்து, "அப்போ திருடனும் உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான்" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அண்ணன் முதலில் கன்ஸ்ட்ரெயின்ட்தான் போட்டிருந்தார். சில நாளிலேயே ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்தது. ரத்தம் எடுக்காமலே போய்விடுகிறவர்களின் பதிவு ரத்தாகிறது, ஆனால் அந்தச் சீட்டு எண்ணைத் திரும்பப் பயன்படுத்த முடியவில்லை, சீட்டுகள் வீணாகின்றன என்றார்கள். ரத்தானவற்றை விட்டுவிட்டு மற்றவற்றில் மட்டும் பார் என்று கன்ஸ்ட்ரெயின்ட்டிடம் சொல்ல முடியாது. இண்டெக்ஸிடம் சொல்லலாம். என் கணவர்தான் ஆஸ்பத்திரியோடு பேசுகிறவர். முடித்துத் தருவதாக அங்கே வாக்குக் கொடுத்துவிட்டு வந்து அண்ணனிடம் நின்றார். அண்ணனுக்கு விருப்பமில்லை. இரண்டு ஞாயிறு பேசினார்கள். கடைசியில், "மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டுட்டார், என்ன பண்றது" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஒத்துக்கொண்டார். கன்ஸ்ட்ரெயின்ட் போய் இண்டெக்ஸ் வந்தது. மாமியார் வழக்கம்போல் வந்துகொண்டிருந்தாள்.

அன்று அண்ணன் இன்னொன்றும் சொன்னார். ஒவ்வொரு இண்டெக்ஸும் எத்தனை முறை பயன்பட்டது என்று டேட்டாபேஸ் ஒரு கணக்கு வைத்திருக்குமாம். யாராவது அதன் வழியாக எதையாவது தேடினால்தான் அந்தக் கணக்கு ஏறும். காவல் காத்ததற்கு ஏறாது. இந்த இண்டெக்ஸ் வழியாக யாரும் எதையும் தேடுவதில்லை. எல்லோரும் நோயாளியின் எண்ணை வைத்துத்தான் தேடுகிறார்கள். ஆகவே நாள் முழுக்கத் தப்பான சீட்டுகளைத் திருப்பி அனுப்பினாலும் அதன் கணக்கு பூஜ்யத்திலேயே நிற்கும்.

"உன் பொழப்பு மாதிரிதான்" என்றார் என்னிடம். "பொஸ்தகத்துல பிழையே இல்லைன்னா, இவள எதுக்கு வெச்சிருக்கோம்னு உன் முதலாளி கேப்பான் பாரு."

இதைச் சொல்லும்போது என் கணவர் கைபேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

*

நான் கர்ப்பமாக இருந்தபோது ஏதோ சிக்கல் என்று டாக்டர் படுக்கையைவிட்டு எழக்கூடாது என்றார். ஜன்னலும் மின்விசிறியும்தான் என் உலகம். அந்தச் சமயத்தில் ஒரு சனி, ஞாயிறு அண்ணன் அண்ணியோடு வெளியூர் போயிருந்தார். திரும்பி வந்த வாரத்தில் அண்ணி என்னைப் பார்க்க வந்தார். தலையணையைச் சரிசெய்துகொண்டே, கவுன்ட்டரில் இப்போது ஒரே நிம்மதியாம், மாமியார் ஊரில் இல்லை போலிருக்கிறது என்றார். நான் சிரித்தேன். சிரித்தால் வயிறு வலிக்கும் என்று அவர் என்னைத் திட்டினார்.

மாமியார் ஊரில் இல்லை என்று எந்த மருமகள் புகார் கொடுப்பாள்?

அடுத்து வந்த சீட்டுச் சுருளில் அச்சகம் சில எண்களை இரட்டையாக அடித்து அனுப்பிவிட்டது. முன்பும் அப்படி நடந்ததுண்டு. கவுன்ட்டரிலேயே பிடிபட்டுவிடும். இந்த முறை இரண்டு ஆண்களின் குப்பியில் ஒரே எண் ஏறி உள்ளே போனது. முடிவுகள் மாறிப்போயின. ஒருவருக்கு இல்லாத நோய்க்கு மருந்து ஏறியது. நோய் உள்ளவருக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் திரும்ப அண்ணியின் வார்டுக்கே வந்தார். அப்போது செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை.

விசாரணை நடந்தது. ஆஸ்பத்திரி நிர்வாகி, ஒரு வக்கீல், ஆபீஸ் தலைவர். மூவருக்கும் டேட்டாபேஸ் என்றால் என்னவென்று தெரியாது. வெளியிலிருந்து யாரோ எழுதிக் கொடுத்த கேள்வியை வைத்துக்கொண்டு கேட்டார்கள். சீட்டு எண்ணுக்கு யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் இருந்ததா?

இருக்கவில்லை என்றார் என் கணவர்.

அண்ணனைக் கேட்டபோது, டேட்டாபேஸ் என் பொறுப்பு என்று மட்டும் சொன்னார். அப்படியானால் கவுன்ட்டரில் வந்துகொண்டிருந்த எச்சரிக்கை திரையில் மட்டும் ஒப்புக்கு எழுதிய எச்சரிக்கை, உள்ளே விதி எதுவும் இல்லை என்று அவர்களாகவே முடிவுக்கு வந்தார்கள். இரண்டு கவுன்ட்டரில் ஒரே நேரத்தில் அடித்தால் திரை ஏமாந்துவிடும் என்று வெளியாள் சொன்ன விளக்கம் பொருத்தமாகவும் இருந்தது. அண்ணனை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

நான் படுக்கையில் இருந்தபடி என் கணவரிடம் கேட்டேன். அந்த இண்டெக்ஸ் இருந்ததே, அதைப் பற்றி அத்தனை நாள் பேசினீர்களே என்றேன். அவர் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, வெயில் உன் முகத்தில் அடிக்கிறது என்றார். பிறகு சொன்னார்: "கன்ஸ்ட்ரெயின்ட்ட எடுத்தாரு. இண்டெக்ஸ அப்புறம் போடலாம்னு விட்டுட்டார் போல. மனுஷன்தானே, மறந்துட்டார்."

விசாரணையில் உண்மையைச் சொன்ன என் கணவர் வீட்டில்தான் பொய் சொன்னார். அது எனக்கு அன்று தெரியாது.

அன்று சாயங்காலம் அண்ணன் வந்தார். நாற்காலியை என் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆபீஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "நீ நல்லா இருக்கியா? மாப்பிள்ளை நல்லா பாத்துக்கிறாரா?" என்று கேட்டார். நல்லாப் பார்த்துக்கிறார் என்றேன். அது போதும் என்று எழுந்தார்.

*

என் மகள் நல்லபடியாகப் பிறந்தாள். அண்ணன் ஒரு பார்சல் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே கம்ப்யூட்டர் வேலையும் உண்டு, பெட்டி தூக்குகிற வேலையும் உண்டு. அண்ணி ஆஸ்பத்திரியை விட்டுவிட்டார். இறந்தவரின் மகள் வார்டு வாசலில் வந்து எதுவும் பேசாமல் அண்ணியையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். அண்ணி யாருடைய மனைவி என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அதன்பிறகு அண்ணியால் அந்தப் படியேற முடியவில்லை. ஒரு பல் டாக்டரிடம் வேலைக்குப் போனார்.

ஞாயிற்றுச் சாப்பாடு நின்றுபோனது. முதலில் குழந்தை சின்னது என்றோம், பிறகு அண்ணிக்கு ஞாயிறும் வேலை என்றோம், பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டோம்.

அண்ணி கொடுமைக்காரி இல்லை. ஆனால் அவருக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது. அந்த இண்டெக்ஸைப் போட ஒரு வரி எழுதுவதற்கு என்ன கேடு வந்தது? விளக்கு கீழே விழுந்து உடைந்தாலும், பால் பொங்கி வழிந்தாலும், பேச்சு சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும். அண்ணன் மறந்துட்டேன் என்பார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் சேர்த்ததில்லை. நானே என் காதால் கேட்டிருக்கிறேன். எத்தனை பெரிய மனிதர், தப்பை மறைக்காமல் ஒத்துக்கொள்கிறாரே என்று அப்போது நினைத்தேன்.

தன் கடைசி நாள் காலையில் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அண்ணன் படியிறங்கினார். அண்ணி பின்னாலிருந்து, ஒரு வரி எழுத மறந்தவருக்குச் சாப்பாடு மட்டும் மறப்பதில்லை என்றார். அண்ணன் திரும்பிப் பார்த்து டப்பாவை லேசாக ஆட்டிக் காட்டினாராம். கிடங்கு மாடிப்படியில் அவர் விழுந்தபோது டப்பா இன்னும் திறக்கப்படவில்லை.

அந்த வாக்கியத்தை அண்ணியே என்னிடம் சொன்னார். கூடத்தில் அண்ணனைக் கிடத்தியிருக்க, சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார். அழவில்லை.

*

துக்கம் கேட்க வந்தவர்களில் பழைய ஆபீஸ்காரர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை அவசரம் என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும் அவசரம் சார், அவசரம் சார் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். நல்ல மனிதர். சாவு வீட்டில் மௌனமாக இருக்கத் தெரியாதவர். அண்ணனைப் பற்றி என்ன நல்ல வார்த்தை சொல்வது, எங்கே தொட்டாலும் அந்த விஷயம் வந்துவிடுமே என்று தயங்கியிருப்பார். அதனால் என் கணவரைப் புகழ ஆரம்பித்தார்.

"உங்க வீட்டுக்காரர் கில்லாடிம்மா. ஒரு சமயம் சிஸ்டம் ஆமை மாதிரி ஊருது. ஆஸ்பத்திரிக்காரன் என் உசுர எடுக்கிறான். இவரு லீவு நாள்ல தனியா வந்து உக்காந்தாரு. யாருமே தொடாத இண்டெக்ஸ் எது எதுன்னு கணக்குப் பாத்து, பூஜ்யம் காட்டினத எல்லாம் வீண் பாரம்னு ஒரே மூச்சுல தூக்கிட்டாரு. திங்கக்கிழமை பறக்குது."

"எப்போ?" என்று கேட்டேன்.

"அண்ணன் வீட்டம்மாவக் கூட்டிக்கிட்டு வெளியூர் போயிருந்தாரே, அந்தச் சமயம். அவரு இருந்தா விடுவாரா? ஒவ்வொரு இண்டெக்ஸுக்கும் ஜாதகம் கேப்பாரே."

அவர் சிரித்தார். அண்ணனை நினைத்துத்தான் சிரித்தார், அன்பாக. நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

மாமியார் ஊரில் இல்லை போலிருக்கிறது. அண்ணி என் தலையணையைச் சரிசெய்தபடி சொன்னது. எச்சரிக்கை வெறும் திரையில் இருந்திருந்தால் அவள் ஏன் ஊருக்குப் போக வேண்டும்?

மறுநாள் காலை மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, சமையலறைக் கதவைச் சாத்தி, என் கணவரிடம் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் குழாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"எண்ணிக்கை பூஜ்யமா இருந்துச்சு. மத்ததோட அதுவும் போயிடுச்சு. வேணும்னா பண்ணுவேன்?"

வேணும்னு பண்ணவில்லை என்று எனக்குத் தெரியும். பேரைக்கூடப் படித்திருக்கமாட்டார். நான் கேட்டது அதை இல்லை. விசாரணையில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்றேன்.

"நான் பொய் சொல்லல. கன்ஸ்ட்ரெயின்ட் இருந்துச்சான்னு கேட்டாங்க. இல்லன்னேன். இல்லதானே? இருந்தது இண்டெக்ஸ்."

அவர் வாயில் அந்த வித்தியாசத்தை நான் முதன்முதலாகக் கேட்டேன். இரண்டும் ஒன்றுதான் என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமை சாதித்தவர். இத்தனை வருஷமாக அடுத்தவர் எழுத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வாக்கியம் யாருடையது என்று எனக்குத் தெரியும். இது இவருடையது இல்லை.

"இத உங்களுக்கு யாரு சொல்லிக்கொடுத்தது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை.

"மச்சான்தான்" என்றார். "விஷயம் வெளிய வந்த மொதல் நாளே உள்ள பாத்துட்டார், இண்டெக்ஸ் இல்லைன்னு. நேரா என்கிட்ட வந்தார். நான் அழுதுட்டேன். நீ படுத்த படுக்கையா இருக்கே, இப்போ வேலை போச்சுன்னா என்ன பண்றதுன்னேன். அவருதான் சொன்னாரு. கன்ஸ்ட்ரெயின்ட் இருந்துச்சான்னுதான் கேப்பாங்க. இல்லன்னு சொல்லு, அது பொய்யில்ல, மீதிய நான் பாத்துக்கிறேன். தங்கச்சிக்குத் தெரிய வேணாம்னாரு."

"நீங்க சரின்னுட்டீங்க."

"அவரே சொல்லும்போது..."

"அவர் செத்த பிறகும் சரின்னுட்டீங்க."

எனக்குக் கணவரைத் திட்டுவதற்கு வார்த்தை ஓடவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்ட அண்ணன்தான் கண்ணில் நின்றார். மாப்பிள்ளை நல்லா பாத்துக்கிறாரா என்று கேட்டது நலம் விசாரிப்பு இல்லை. கொடுத்த விலைக்குச் சரக்கு வந்து சேர்ந்ததா என்று பார்த்திருக்கிறார். என்னைக் கேட்காமல் எனக்காக வாங்கிய சரக்கு. நான் அவர் படிக்கவைத்த தங்கை. உண்மையைத் தாங்குவேன் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஒருவர் தெரியாமல் பறித்தார், இன்னொருவர் தெரிந்தே மூடினார். நடுவில் நான் வருஷக்கணக்காக நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

அண்ணியிடம் நீங்களே சொல்லுங்கள் என்றேன். சரி என்றார். காரில் போனோம். அண்ணி குடியிருக்கும் கட்டடத்தின் வாசலில் நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், நீ முதலில் போ, நான் பின்னால் வருகிறேன் என்றார். நான் மாடியேறினேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்கவில்லை.

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். அண்ணனின் சட்டைகள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் மறக்கவில்லை, அந்த ஒரு வரியை எழுதியிருந்தார், அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது, யார் எடுத்தது, எப்போது எடுத்தது எல்லாம். இதைக் கேட்டால் அவர் நெஞ்சிலிருக்கும் கல் இறங்கும் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

அண்ணி ஒரு சட்டையை மடித்து முடித்தார்.

"அவருக்கு எப்போ தெரியும்?"

"மொதல் நாளே தெரியும் அண்ணி."

"அப்போ நான் கேட்டப்பல்லாம் தெரிஞ்சேதான் மறந்துட்டேன்னாரு."

நான் தலையசைத்தேன்.

"அந்தப் பொண்ணு வார்டு வாசல்ல நின்னா. நான் போய் அவ கையப் புடிச்சு மன்னிப்புக் கேட்டேன். எங்க வீட்டுக்காரர் மறந்துட்டார்மா, மன்னிச்சுக்கோன்னு. அன்னிக்கு வீட்டுக்கு வந்து அதையும் இவர்கிட்ட சொன்னேன். கேட்டுக்கிட்டு சும்மா இருந்தாரு." அடுத்த சட்டையை எடுத்தார், மடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். "என்கிட்ட சொன்னா நான் நேரா உன் கட்டிலுக்கு வந்து சண்டை போடுவேன்னு நெனச்சிருக்கார். இத்தனை வருஷம் கூட இருந்து என்னை அவ்வளவுதான் தெரிஞ்சு வெச்சிருக்கார்."

"உங்களையும் காப்பாத்தணும்னு..."

"என்னை எங்க காப்பாத்தினாரு? உன் வீடு நிக்கணும்னு என் வீட்டப் பிரிச்சுக் கொடுத்தாரு. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே எடுத்துக் கொடுத்திருப்பேன். கேக்கல பாரு."

பிறகு அவர் சமையலறைக்குப் போனார். அலமாரியிலிருந்து அண்ணனின் சாப்பாட்டு டப்பாவை எடுத்து வந்தார். கழுவித் துடைத்து வைத்திருந்தார். முதல் சம்பளத்தில் நான் அண்ணனுக்கு வாங்கிக் கொடுத்தது அது.

"இது உன்னோடது. எடுத்துட்டுப் போ" என்றார். குரலில் கோபம் இல்லை. வாசல்வரை வந்தார். நான் செருப்பு மாட்டிக்கொள்ளும்வரை காத்திருந்து கதவைச் சாத்தினார்.

கீழே என் கணவர் காருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். சட்டையின் முதுகு முழுக்க வேர்த்திருந்தது. நான் பக்கத்தில் வரும்வரை காத்திருந்து, என்ன சொன்னார்கள் என்று கேட்டார்.

"உங்களப் பத்தி ஒரு வார்த்தைகூடக் கேக்கல" என்றேன்.

அவர் முன்கதவைத் திறந்து பிடித்தார். நான் பின்கதவைத் திறந்து, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.